பூபதி கல்யாணத்துக்கு வந்த பஸ்

இந்துமதிக்குப் பஸ் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்கு மழைத்தண்ணி ஆகாது, அந்த மாதிரி அவளுக்குப் பஸ் ஆகாது. டிக்கெட் வாங்குகிற வரைக்கும் நன்றாகத்தான் இருப்பாள். ஊர் தாண்டினதும் நெற்றி வேர்த்து, வாயில் எச்சில் ஊறி, கையிலிருக்கிற எலுமிச்சம்பழத்தின் வாசனை எல்லாம் தீர்ந்துபோன பிறகு, எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து "ஹோல்டான்" என்று ஒரு குரல் கொடுப்பாள் பாருங்கள், அந்தக் குரலுக்கு நிற்காத வண்டி தாராபுரம் பக்கத்தில் எதுவும் கிடையாது. ஊத்துப்பாறையிலிருந்து அவள் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில், எந்தப் புளியமரத்தடியில் அந்தப் பெண் இறங்கி ஓடும், எவ்வளவு நேரத்தில் முகம் கழுவிவிட்டு ஏறும் என்பதெல்லாம் டிரைவர்களுக்குத் தங்கள் வீட்டு விஷயம்போலத் தெரிந்திருந்தது.

அப்பேர்ப்பட்டவளுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் செங்காட்டுவலசு பூபதி. தாராபுரத்தில் கோழித்தீவனக் கடையில் பில் போடுகிறவன். குடிக்கமாட்டான், சீட்டாடமாட்டான், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான் என்று சொன்னார்கள், எல்லாம் உண்மை. பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தனியாகப் பேசச் சொல்லி இரண்டு பேரையும் மொட்டைமாடிக்கு அனுப்பியபோது, அவன் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பஸ்ஸுன்னா உசுருங்க" என்றான். கார் வாங்கிக் கடன்படுகிற ஆள் இல்லை, சிக்கனமானவன் என்று இந்துமதி எடுத்துக்கொண்டாள்.

அவன் சொன்னது அதுவல்ல. ஃபேஸ்புக்கில் 'முன்சீட்டு நண்பர்கள்' என்று ஒரு குழு இருந்தது. பஸ்ஸைப் படமெடுப்பது, ஹாரன் சத்தத்தைப் பதிவு செய்து போடுவது, எந்த வண்டி எந்த டிப்போவுக்கு மாறிப்போனது என்று கவலைப்படுவது, இதற்காகவே சேர்ந்த ஆட்கள், நாகர்கோவிலிலிருந்து ஓசூர் வரைக்கும், கடல் தாண்டித் துபாயிலும், பஸ்ஸே ஏறாமல் வருடக்கணக்காகப் பனி தள்ளிக்கொண்டு கனடாவில் ஒருவரும் ஆக, ஒரு நாலாயிரம் பேர் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை, ஏனென்றால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் பஸ் படத்தைத்தான் வைத்திருந்தார்கள். முதன்முதலாக முன்சீட்டில் உட்கார்ந்து போன வண்டியின் நேரம் எதுவோ அதுவே அவரவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது, பூபதி அங்கே 'ஏழு நாப்பது பூபதி'.

குழுவுக்கென்று முறைகள் இருந்தன, கல்யாண வீட்டு முறைகளைவிடக் கறாரானவை. எதற்கும் பதில், கண்டக்டர் வண்டியை எடுக்கச் சொல்கிற அந்த 'ரைட்' தான். நாளைக்கு இண்டர்வியூ என்று ஒருவர் போட்டால் ரைட், பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றால் ரைட் ரைட், யாராவது இறந்துபோனால் விளக்கு அணைந்த பஸ் படம், அதற்குக் கீழே யாரும் ஒன்றும் எழுதக்கூடாது. வண்டியை நிறுத்தச் சொல்கிற 'ஹோல்டான்' என்கிற சொல்லை மட்டும் எவரும் எழுதக்கூடாது, அது ஆகாத சொல். விளையாட்டாக எழுதிய ஒரு மன்னார்குடிக்காரரை ஒரு மாதம் வெளியே நிறுத்தி வைத்திருந்தார் அட்மின் பெனடிக்ட். அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எதையும் உயரத்திலிருந்து பார்த்துப் பழகினவர்.

கல்யாணம் என்றால் குழுவின் மொய் ஒரு பஸ். விருதுநகரில் ஜெயசெல்வன் என்றொருவர் ஃபோம் ஷீட்டை அறுத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து, நிஜ வண்டிக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று அளவு பிசகாமல் செய்து அனுப்புவார். ஹெட்லைட்டுக்குப் பாசிமணி, பக்கக் கண்ணாடிக்குச் சமிக்கி, சீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச். முகப்புப் பலகையில் பெண் ஊரையும் மாப்பிள்ளை ஊரையும் எழுதுவார், அந்த வழியில் பஸ் உண்டோ இல்லையோ. பூபதிக்கு வந்த பஸ்ஸில் 'ஊத்துப்பாறை – செங்காட்டுவலசு' என்று இருந்தது.

முறைப்படி பார்சலைக் கேமரா முன்னால்தான் பிரிக்க வேண்டும். பூபதி ஃபோனைப் பார்சல் மட்டும் தெரிகிற மாதிரிச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பிரித்தான், நாலாயிரம் பேரும் ரைட் ரைட் என்று எழுத, அது திரையில் மழைபோலக் கொட்டியது. பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்த இந்துமதிக்கு அதைப் பார்த்ததுமே லேசாக நெற்றி வேர்த்தது. பஸ்ஸை டிவிக்குப் பக்கத்திலிருந்த ஷோகேஸில் வைத்துக் கண்ணாடியைச் சாத்தினார்கள்.

மறுநாள் காலையில் பஸ்ஸின் மூக்கு கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அளவு பாத்து வாங்கியிருக்கக் கூடாதா?" என்றாள் மாமியார் ருக்மணி.

"வாங்கலம்மா, குடுத்தாங்க" என்றான் பூபதி.

"குடுத்தவங்களாச்சும் ஒரு வார்த்தை கேட்டுக் குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் பஸ்ஸை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

பரிசு வாங்கியவர் ஒரு மண்டலத்துக்குத் தினமும் காலையில் அதைப் படமெடுத்துப் போட வேண்டும், எல்லோரும் ரைட் சொல்ல வேண்டும், அதுவும் முறை. பூபதி போட்டான், அவர்கள் சொன்னார்கள், பஸ் வளர்ந்தது. கட்டிலை அது எடுத்துக்கொண்டபோது புதுமணத் தம்பதி பாய்க்கு இறங்கினார்கள். கட்டிலுக்கும் கொள்ளாமல் போனபோது, அண்டைவீட்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கதவு இடிக்காமல் சாய்த்து வாங்கி, நல்லவேளையாக அன்றைக்கே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வாசல் நிலையைப் பெயர்த்திருக்க வேண்டும். வாசலில் வெயிலும் காற்றும் பட்டதும் அது இன்னும் செழித்தது. ஃபோம் ஷீட் தகரமானது, சமிக்கி நிஜக் கண்ணாடியானது, பாசிமணிக்குள் பல்பு வந்தது, ஸ்பாஞ்ச் சீட்டுக்கு ரெக்ஸின் உறை வந்து, பின்சீட்டில் யாரோ பிளேடால் கிழித்த மாதிரி ஒரு கிழிசலும் வந்து, அதற்கு மேலே அம்பு பாய்ந்த இதயமும் அதற்குள் 'மு.க.' என்ற எழுத்தும் தாமாகவே வந்தன. மு.க. யாரென்று ஊரில் எவருக்கும் தெரியவில்லை.

செங்காட்டுவலசுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இன்றைக்கு எவ்வளவு என்று சாணில் அளந்தார்கள். தண்ணி விடுகிறீர்களா என்று கேட்டார்கள். தீவனக் கடையில் வேலை செய்கிறவன் என்பதால், என்ன தீவனம் போடுகிறான் என்று சிலர் ரகசியமாக விசாரித்தார்கள், அந்த மாதம் கடையில் வியாபாரம் நன்றாக இருந்தது. ருக்மணி பஸ்ஸின் கூரைமேல் மிளகாய் காயப்போட்டாள். கோழி டிக்கியில் முட்டையிட்டது. வளர்கிற பொருளை வைத்துக்கொண்டு வாழ்வது ஒன்றும் புதிதில்லை, பிள்ளைகளும் வளர்கின்றன, வேப்பமரமும் வளர்கிறது என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

குழுவில்தான் பெரிய சண்டை. நிஜ பஸ்ஸின் படத்தை எந்த நாளும் போடலாம், மாதிரி பஸ்ஸின் படத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடலாம் என்பது விதி, மணமக்களுக்கு மட்டும் மண்டலக் கணக்கில் விலக்கு. அந்த விலக்கு முடிகிற நேரம் வந்ததும், பூபதி வீட்டு வாசலில் நிற்பது மாதிரியா, நிஜமா என்ற கேள்வி எழுந்தது. ஆள் ஏறி உட்கார முடிந்தால் நிஜம் என்று பெனடிக்ட் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்குப் பார்த்து ஓர் ஆடு ஏறி ஜன்னலோரம் படுத்துக்கொண்டதைப் பூபதி படமெடுத்துப் போட, ஆடு ஆள் கணக்கில் வருமா வராதா என்று இரண்டு நாள் எழுதினார்கள். ஆட்டுக்கு அரை டிக்கெட் உண்டு, ஆகவே அது பயணிதான் என்று ஒரு சேலத்துக்காரர் எழுதிய பிறகுதான் அடங்கியது. முன்னால் கல்யாணமாகிப் பஸ் வாங்கியிருந்தவர்கள் தங்கள் ஷோகேஸைப் பார்த்து ஏங்கினார்கள். ராமநாதபுரத்தில் ஒருவர் தன்னுடையதைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்ற, அது ஊறிப் பிய்ந்துபோனது. கனடாக்காரர் ஹீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை.

இந்துமதிக்குத்தான் தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை நாளில் பூபதியோடு அவள் ஒரு கோவிலுக்குப் போனதில்லை, ஒரு சினிமாவுக்குப் போனதில்லை. கடை விட்டு வந்ததும் அவன் பஸ்ஸைத் துடைப்பான், படமெடுப்பான், ஃபோனில் வருகிற ரைட்டுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக ரைட் சொல்லிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருப்பான். அவளுக்கோ அது நின்றுகொண்டிருந்தாலும் பக்கத்தில் போனாலே குமட்டியது. இப்போது பஸ் சமையலறைச் சுவரில் வந்து முட்டிவிட்டது. அடுப்புக்கு மேலே விரிசல் விட்டு, நாளுக்கு நாள் அது கீழே இறங்கியது.

ஒருநாள் காலையில் அவன் படமெடுக்க ஃபோனைத் தூக்கும்போது அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, போதும்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது இந்து? மொய் வெச்சவங்ககிட்டப் போயி வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"சொவரு விழுந்தா நல்லா இருக்குங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு மத்தவங்க மொகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்லிப் பழக்கமில்ல."

"அவங்களுக்கு மொகமே இல்லீங்களே, எல்லாம் பஸ்ஸுதானே" என்றாள் அவள். "நாலாயிரம் பேருக்கு ரைட் சொல்றீங்க. நாஞ் சொல்றதுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லமாட்டீங்களா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் ஃபோன் அடித்தது. அவள் ஊத்துப்பாறைக்கே போய்விடலாமென்று அன்றைக்கு நினைத்தாள். ஆனால் பஸ்ஸில்தானே போக வேண்டும், அதனால் போகவில்லை.

மண்டலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஜெயசெல்வனிடமிருந்து குழுவில் ஒரு செய்தி வந்தது. பூபதி போட்ட படத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், வண்டி நேற்றோடு நிஜ பஸ்ஸின் நீளத்தைத் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தார். சின்னதாக இருந்தால் மாதிரி, சரியாக இருந்தால் வண்டி, பெரியதாகப் போனால் அதற்குப் பெயரே இல்லை, என் கையால் செய்த பொருள் அளவு தப்பிப்போனதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். குழு கலங்கிப்போனது. நேரில் போய்ப் பார்ப்பது என்று, அதன் சரித்திரத்தில் முதல்முறையாக, முடிவு செய்தார்கள். நாலாயிரம் பேரும் ரைட் என்றார்கள். வந்தது ஓர் எண்பது பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையாக வந்தார்கள். ஊர் ஊராக வண்டி மாறி வந்ததில் முன்சீட்டுக்காகப் போட்டி போட்டு எல்லோருக்கும் சட்டை கசங்கியிருந்தது. யார் யாரென்று தெரியாமல் திகைத்து நின்று, பிறகு தயங்கித் தயங்கி, "நீங்க ஆறு அஞ்சா?" "இல்லீங்க, நான் ஒம்போது இருவது, ஆறு அஞ்சு அந்தா நிக்கறாரு" என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். பெனடிக்ட் நெடுநெடுவென்று உயரமாக இருப்பார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவர் ருக்மணியின் தோளுக்குத்தான் இருந்தார். ஜெயசெல்வன் வந்ததும் வராததுமாக டேப்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெருமூச்சு விட்டார்.

ருக்மணி தக்காளிச் சாதமும் தயிர்ச் சாதமும் கிண்டியிருந்தாள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மோர் கொண்டுபோன இந்துமதி மூக்கைப் பொத்திக்கொண்டு படியோரம் நின்று எட்டிப் பார்த்தாள். எண்பது பேரும் தலையைக் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நேரில் பேச வரவில்லை. நடுச்சீட்டிலிருந்த பெனடிக்ட், முன்சீட்டிலிருந்த ஜெயசெல்வனுக்கு, "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்று குழுவில் எழுதினார், ஜெயசெல்வன் திரும்பாமலே, "தக்காளிச் சாதம் அருமை" என்று எழுதினார், சுற்றியிருந்த எழுபத்தெட்டுப் பேரும் அதற்கு ரைட் என்றார்கள். இதைப் பார்த்ததும் இந்துமதிக்கு அவர்கள்மேலிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. இத்தனை நாளும் தன் வீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள், நேரில் பார்த்தால் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் தண்ணிப்பாட்டில் கேட்கக் கூச்சப்படுகிறவர்களாக இருந்தார்கள்.

என்ன செய்வதென்று அவர்கள் எழுதி எழுதிப் பார்த்தும் ஒரு முடிவும் வரவில்லை. திருப்பி வாங்கினால் மொய்யைத் திருப்பின பாவம், விற்றால் அதைவிடப் பாவம். சரி, வந்ததற்கு ஒரு படமாவது எடுத்துக்கொள்வோம் என்று பெனடிக்ட் இறங்கி எதிரே நின்றார். எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். "எல்லாரும் சேந்து ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லிருவோம், என்ன" என்று அவர் கேட்க, எண்பது பேரும், பூபதியையும் சேர்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே குரலில் "ரைட்" என்றார்கள்.

பஸ் ஒரு முழம் வளர்ந்தது. சமையலறைச் சுவர் படாரென்று உள்பக்கம் சாய்ந்து, சட்டிபானை, அஞ்சறைப்பெட்டி, அவள் அம்மா கொடுத்த தோசைக்கல் எல்லாம் தரையில் உருண்டன. மோர்ச்சொம்போடு அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்த இந்துமதி ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, இடுப்பில் கைவைத்து, புளியமரத்தடிகளில் எத்தனையோ வண்டிகளை நிறுத்திய அந்தக் குரலை எடுத்து, "ஹோல்டான்" என்றாள்.

பஸ் நின்றது. அது ஓடவில்லையே, எப்படி நிற்கும் என்று கேட்டால், அன்றைக்கு அங்கே இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். பச்சை மூங்கில் விரிகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் இத்தனை நாளாக அந்த வாசலில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, அது நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே எல்லோருக்கும் தெரிந்தது. ஜெயசெல்வன் ஓடிப்போய் டேப்பை வைத்தார், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வைத்தார். வளரவில்லை.

பூபதி இறங்கி வந்தான். விழுந்த சுவரையும் அவளையும் பார்த்துவிட்டு, எண்பது பேர் பக்கமாகத் திரும்பி நின்றான். "நாளையிலிருந்து போட்டோ போடமாட்டனுங்க" என்றான். "மண்டலம் முடியலன்னாலும் பரவாயில்லீங்க. எனக்கு வேண்டாமுங்க." இதைச் சொல்லி முடிக்கும்போது அவன் சட்டை நனைந்துவிட்டது. இந்துமதி கையிலிருந்த மோரை அவனுக்குக் கொடுத்தாள்.

ஒருவரும் கோபப்படவில்லை. ஆனால் ஆகாத சொல் சொல்லப்பட்டுவிட்டது, முறை என்று ஒன்று இருக்கிறது. பெனடிக்ட் வெகுநேரம் யோசித்தார். அந்தச் சொல்லைச் சொன்னவரை ஒரு மாதம் வெளியே நிறுத்த வேண்டும், சொன்னவரோ குழுவிலேயே இல்லை. ஆகவே முதலில் இந்துமதியைக் குழுவில் சேர்த்தார்கள், உடனே ஒரு மாதத்துக்கு வெளியே நிறுத்தினார்கள், மாதம் முடிந்ததும் மரியாதையாகக் கூப்பிட்டு அட்மினாக வைத்துக்கொண்டார்கள்.

"எனக்குப் பஸ்ஸே ஆகாதுங்களே" என்றாள் அவள் ஃபோனில்.

"அதனாலதான் தங்கச்சி" என்றார் பெனடிக்ட். "இங்க எல்லாரும் ஏறுற ஆளுங்க. நிறுத்தச் சொல்ல ஒரு ஆளு வேணும்லா."

அந்த ஞாயிற்றுக்கிழமையே, எண்பது பேரும் செங்காட்டுவலசு ஆண்களும் சேர்ந்து பஸ்ஸைத் தள்ளிக்கொண்டுபோய் மெயின்ரோட்டு ஓரத்தில் நிறுத்தினார்கள். மறுநாளிலிருந்து பூபதி கடைக்கு லீவு போட்டுவிட்டுச் சமையலறைச் சுவரைக் கட்டினான். கல்லெடுத்துக் கொடுத்துக்கொண்டே அவள் அவனிடம் சின்ன வயசுக் கதையெல்லாம் கேட்டாள், அவன் சொன்னான், அவனுக்குப் பேசத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

செங்காட்டுவலசில் பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை கிடையாது, பஞ்சாயத்தில் மனுக்கொடுத்துக் கொடுத்து ஊர் அலுத்துப்போயிருந்தது. இப்போது டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஜன்னலோரம் காற்று நன்றாக வருவதால் பாதிப் பேர் வந்த பஸ்ஸைத் தவறவிட்டார்கள். தாராபுரத்தில் ஜவுளி எடுக்கக் கிளம்பி, மதியம் வரைக்கும் அதிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, போய்வந்த திருப்தியோடு வீட்டுக்குத் திரும்பியவர்களும் உண்டு. அந்த நிறுத்தத்தில் மட்டும் கண்டக்டர்கள் ரைட் சொல்வதில்லை, தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவதோடு சரி. புதிதாக வந்த கண்டக்டர் ஒருவர் தெரியாமல் சொல்லிவிட, பஸ் ஒரு விரற்கடை வளர்ந்தது. ருக்மணி ரோட்டுக்கே போய் அவரைப் பிடித்துப் பிடியென்று பிடித்துவிட்டு வந்தாள்.

மறுவருடம் ஜெயசெல்வனுக்கே கல்யாணம் வந்தது. அவருக்கு என்ன மொய் வைப்பது என்று குழுவில் கேள்வி. பஸ் கொடுக்க எல்லோருக்கும் பயம். கடிகாரம் கொடுக்கலாம் என்றார் ஒருவர், கடிகாரம் வளர்ந்தால் என்றார் இன்னொருவர். குத்துவிளக்கு என்றார்கள், அது வளர்ந்தால் எண்ணெய்க்கு யார் போவது என்றார்கள். சண்டை முற்றுகிற நேரம் பார்த்து இந்துமதி அந்தச் சொல்லை எழுதினாள், எல்லாம் அடங்கியது. வளர்ந்தாலும் பரவாயில்லை என்கிற பொருளாகப் பார்த்துக் கொடுப்போமே என்றும், ஒரு தென்னம்பிள்ளை போதுமே என்றும் எழுதினாள். நாலாயிரம் பேரும் ரைட் சொல்லி, பொள்ளாச்சியிலிருந்து நல்ல நெட்டைரகப் பிள்ளையாக வாங்கி, விருதுநகருக்கு அனுப்பினார்கள்.

அது வளரவே இல்லை. ஜெயசெல்வனின் மனைவி தண்ணீர் ஊற்றினாள், உரம் போட்டாள், பாட்டுக்கூடப் போட்டுக் காட்டினாள். ஒரு முழ உயரத்தில் அப்படியே நின்று, மட்டை விரித்து, பாளை தள்ளி, நிஜ மரத்துக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று அளவு பிசகாமல் காய்த்தது. ஜெயசெல்வனின் சந்தோஷத்துக்கு அளவில்லை. முதல் குலையை வெட்டி, அட்மின் இரண்டு பேருக்கும் பஞ்சில் சுற்றிப் பார்சல் அனுப்பினார்.

இந்துமதியும் பூபதியும் கேமரா முன்னால் அதைப் பிரித்தார்கள். மணத்தக்காளிப் பழத்தளவில் மட்டை உரித்த ஒரு தேங்காய், குடுமிகூட இருந்தது. ருக்மணி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள், காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"தண்ணி இருக்குது கண்ணு" என்றாள் மருமகளிடம். "முத்தின காய்தான். அவரைக்காப் பொரியலுக்குப் போதாது, உனக்கு மட்டும் ஒரு தோசைக்குச் சட்னி வேணும்னா அரைச்சுத் தாரன்."

பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு அவள் புதுச் சுவர் வைத்த சமையலறைக்குள் போனாள்.